கல்லும் கூடமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

போரில் மாண்டவர்க்கு ஊரார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. நம் முன்னோர் கல் நட்டனர். வெள்ளையர் சிலை வைத்தனர். இவ்விரண்டும் வேண்டா, ஊர்மக்கள் கூடுவதற்கு ஒரு கூடம் கட்டி அதற்குள் இறந்தோர் பெயரை எழுதி வைப்போம் என்று முடிவு செய்த ஊர்களும் உலகில் உள. இந்த மூன்றாவது வகையைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அறிவியல் மாணவனுக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வடசென்னையில் வாழ்பவனுக்கு இதில் பங்குண்டு என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

நம் மாணவர்களில் பலர் நாள்தோறும் சென்ட்ரலைக் கடந்து வருபவர்கள். அங்கே பார்க் டவுனில், அரசுப் பொது மருத்துவமனைக்கு எதிரே, பெரிய தூண்கள் தாங்கிய முகப்புடன் பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. 'மெமோரியல் ஹால்' என்றே எல்லாரும் அதை அழைப்பர். யாருடைய நினைவாக எழுந்தது அது? வகுப்புத் தோழர்கள் சிலரிடம் கேட்டேன். "விக்டோரியா மகாராணி" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரியில செத்தவங்களுக்காடா?" என்று என்னையே திருப்பிக் கேட்டான் ராயபுரத்து நண்பன். விடை இரண்டுமன்று. 1857-இல் வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னை மாகாணம் அமைதியாக இருந்தது. அந்தப் பெரும் நெருப்பு இங்கே பரவாமல் காத்த இறைவனுக்கு நன்றி செலுத்தும் வகையில், பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கட்டப்பட்ட மண்டபம் அது. அதாவது, போரில் இறந்தவர்களுக்காக எழுந்த நினைவு மண்டபமன்று. போர் நம் வாசலுக்கு வரவில்லையே என்ற நிம்மதிக்கு எழுந்த நினைவு மண்டபம். உலகில் இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்கள் மிகச் சிலவே இருக்கும் என்று எண்ணுகிறேன்.

அதே 1857-க்குச் சென்னையில் இன்னொரு நினைவுச் சின்னமும் இருந்தது. சென்னைப் படைப்பிரிவு ஒன்றை வடக்கே நடத்திச் சென்று, வழியெங்கும் கொடுமைகள் புரிந்து, அவ்வாண்டு செப்டம்பரில் லக்னோவில் கொல்லப்பட்ட கர்னல் நீலின் சிலை அது. மவுண்ட் ரோட்டில் நெடுங்காலம் நின்றது. அதனை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறை சென்றனர். 1937-இல் இராஜாஜி அமைச்சரவை வந்தபின் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தது. சிலையின் கதை இப்படி முடிந்தது. மண்டபத்தின் கதையோ வேறு. ஆண்டவனுக்கு ஆங்கிலேயர் நன்றி சொன்ன அந்த வாசலில்தான் பிற்காலத்தில் தொழிலாளரும் ஆசிரியரும் அரசியல் கட்சியினரும் கொடி பிடித்து ஆர்ப்பாட்டம் செய்தனர். உள்ளே கண்காட்சிகள் நடந்தன. மலிவு விலைத் துணி விற்பனையும் நடந்தது. யாரும் அதை இடிக்கச் சொல்லவில்லை. சிலைக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். அந்தப் பொருள் கசந்துவிட்டால் சிலை போக வேண்டியதுதான். கூடத்திற்கு அந்தக் கட்டாயம் இல்லை. வருகிற தலைமுறை தன் பொருளை அதற்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறது.

இராஜாஜி மண்டபமும் இத்தகையதே. 1799-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த வெற்றியையும் 1757-இன் பிளாசி வெற்றியையும் கொண்டாட இரண்டாம் கிளைவ் பிரபு ஆளுநராக இருந்தபோது எழுப்பியது, 1802-இல் முடிந்தது. விருந்தும் நடனமும் நடந்த கூடம். கட்டியவர் ஜான் கோல்டிங்காம் என்ற வானியல் அறிஞர். (இயற்பியல் மாணவர்கள் கவனிக்க: பின்னாளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் செய்து, ஒலி வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, காற்றில் ஒலியின் வேகத்தை அளந்தவர் இவரே.) வெற்றிக் களிப்புக்குக் கட்டிய அந்த மண்டபத்தின் படிகளில்தான் 1969-இல் அண்ணாவின் உடல் வைக்கப்பட்டது, பெரியார், காமராசர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் ஆகியோருக்கும் மக்கள் அங்கேயே இறுதி மரியாதை செலுத்தினர். திப்புவை வென்றதற்கு எழுந்த கட்டடம் என்பது வரிசையில் நின்ற இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வென்றவனின் செருக்கு மறந்துபோவது நல்லதே. மாண்டவனின் பெயரும் அதே எளிமையோடு மறந்துபோகுமானால்? கூடத்தை நினைவுச் சின்னமாகக் கட்டுவோர் அனைவரும் எதிர்கொண்ட கேள்வி இதுவே.

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு சிற்றூரிலும் யாராவது ஒரு மகன் திரும்பவில்லை. போன அனைவரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவையே. அவற்றை 'நன்றியுள்ள ஊர்கள்' என்று இன்றும் தனியாகக் குறிப்பிடுகின்றனர். மற்ற ஊர்களில் பெரும்பாலும் கல்லில் சிலுவை நட்டனர். சில ஊர்களில் மட்டும் வேறு பேச்சு எழுந்தது. திரும்பி வந்த படைவீரர்களுக்கு மாலையில் உட்கார இடமில்லை. பெண்கள் சங்கத்திற்கு இடமில்லை. மழை பெய்தால் ஊர்க்கூட்டம் நின்றுவிடுகிறது. ஆகவே பணம் திரட்டிக் கூடம் கட்டுவோம், வாசலில் பெயர்ப் பலகை பதிப்போம் என்றனர். எதிர்த்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஊருக்குக் கூடம் எப்படியும் கட்ட வேண்டியதுதான். இறந்தவன் பெயரைச் சொல்லி இருப்பவன் வசதி செய்துகொள்வது என்ன மரியாதை என்று அவர்கள் கேட்டனர். ஆஸ்திரேலியாவிலும் இதே வழக்கு நடந்தது. நியூசிலாந்து, இரண்டாம் போருக்குப் பின் கூடத்தின் பக்கம் சாய்ந்தது. 1946-இல் அந்நாட்டு அரசு, நினைவுக் கூடம் கட்டும் ஊர் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு தரும் என்று அறிவித்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான கூடங்கள் எழுந்தன. நடன வகுப்பு, பூப்பந்து, தேர்தல் வாக்குச்சாவடி, திருமணம் எல்லாம் அவற்றில் நடக்கின்றன. உள்ளே நுழையும்போது சுவரில் பெயர்கள்.

கல்லூரியையே நினைவுச் சின்னமாக ஆக்கியவர்களும் உண்டு. வட அட்லாண்டிக்கில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து ஒரு தீவு. மீன்பிடித்தலே அதன் தொழில். 1916 சூலை 1-ஆம் நாள் காலை, பிரான்சில் பொமாண்ட்-ஹமேல் என்ற இடத்தில் அத்தீவின் படைப்பிரிவு அகழியை விட்டு மேலேறித் தாக்கச் சென்றது. சென்றவர் ஏறக்குறைய 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர் 68 பேர். அந்த மக்கள் 1925-இல் தங்கள் மாண்ட பிள்ளைகளின் நினைவாக ஒரு கல்லூரி தொடங்கினர். 'மெமோரியல்' என்பதே அதன் பெயர். இப்போது பெரிய பல்கலைக்கழகம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்கு முந்திய மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் நினைவால் படிக்கின்றனர் என்பதைப் படித்தபோது காசிமேடு நினைவுக்கு வராமல் இருக்குமா?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில், வடபுலத்துக்காகப் போராடி இறந்த 136 ஹார்வர்டு மாணவர்களின் பெயர்கள் அதன் நடு வழியில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு புறம் உணவுக் கூடம், மறுபுறம் அரங்கம். உண்ணப் போகிறவனும் சொற்பொழிவு கேட்கப் போகிறவனும் அந்தப் பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும். கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். பெயரை ஒரு மூலையில் ஒதுக்காமல் நடைபாதையில் வைத்தார்கள். கூடமா கல்லா என்ற வழக்கில் என் தீர்ப்பு பாதி இங்கேயே முடிந்துவிட்டது எனலாம்: கூடம்தான் வேண்டும், ஆனால் கல் அதன் வாசலில் இருக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். துறைமுகத்தில் வாழும் நமக்குக் கப்பல் தொழிலாளர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அந்நாளில் 'லஸ்கர்' என்று அவர்களை அழைத்தனர். நீராவிக் கப்பலின் அடித்தளத்தில், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை பெரும்பாலும் அவர்களுடையது. நீர்மூழ்கிக் கப்பல் எய்த டார்பிடோ தாக்கினால் முதலில் நீர் புகுவது அந்த அடித்தளத்தில்தான். துப்பாக்கி ஏந்தாத இந்தப் போர்வீரர்களுக்குக் கல்கத்தாவில் 1924-இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்த 896 லஸ்கர்களின் நினைவாக அது நிற்கிறது. பார்க்க மிக அழகானது என்பர்.

பம்பாய் வேறு வழியில் சென்றது. மஸ்ஜித் பந்தரில், துறைமுகத்தின் அருகிலேயே, இந்தியக் கப்பலோட்டிகளுக்கு ஓர் இல்லம் கட்டினர். கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்குவதற்கு இடம், குளியல், உணவு. முதல் உலகப் போரில் கடலே கல்லறையாகிவிட்ட 2,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளின் பெயர்கள் அந்த இல்லத்தில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நூலும் அங்கே வைக்கப்பட்டது. அதன் மறுபடி சிட்டகாங்கில் இருக்கிறது. வேலை தேடி வந்து பாயை விரித்துப் படுக்கும் மாலுமி, தன்னைப் போலவே வந்து திரும்பாதவனின் பெயருக்குக் கீழே படுக்கிறான். கல்கத்தாத் தூணைவிட இது உயர்ந்தது என்பது என் கருத்து. வேறு கருத்துடையோர் இருக்கலாம்.

சென்னையில் என்ன இருக்கிறது? கோட்டைக்குத் தெற்கே, மெரினா தொடங்கும் இடத்தில் வட்டமான போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போர் வெற்றிக்கு எழுந்து, பின்னர் இரண்டாம் உலகப் போரும், விடுதலைக்குப் பிந்திய போர்களும் அதில் சேர்க்கப்பட்டன. குடியரசு நாளன்று ஆளுநர் மலர் வளையம் வைப்பார். நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க் கல்லறை இருக்கிறது. 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள், வெட்டிவிட்ட புல், ஒரே அளவுக் கற்கள். இரண்டும் கண்ணியமான இடங்கள். ஆனால் அங்கே யாரும் எதற்காகவும் கூடுவதில்லை.

வடக்கே வந்தால் ஒரே ஒரு கல்தான். உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல். ஏறக்குறைய 130 குண்டுகளை அக்கப்பல் சுட்டது. துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது, உயிர்கள் போயின. கப்பல் தலைவன் வான் முல்லரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. எம்டன் என்ற சொல்லே தமிழாகிவிட்டது. கெட்டிக்காரப் பயலை இன்றும் "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். சுட்டவன் பெயர் நம் வாயில் புகுந்தது. சுடப்பட்டவன் பெயர் நம் வாயில் இல்லை. இதை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா?

பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் சொல்லும் கற்கள் தமிழ்நாட்டில் பல. வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில், 1914-இல் தொடங்கிய பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தனர் என்ற குறிப்பு இருக்கிறது. யார் அந்தப் பதினால்வர்? கல் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுவதைப் போல இருக்கிறது.

நம் முன்னோர் இதைவிடக் கவனமாக இருந்தனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகள் வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்கையில் பட்டான் என்பது வரை எழுதியிருக்கும். அரசனின் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டுமே வரும். கல்லின் தலைவன் மாடு மீட்ட அந்த எளியவனே.

பெரும் போர்களில் நிலைமை மாறியது. இதற்குத் திருவொற்றியூரோடு தொடர்புடைய ஒரு கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

949-இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழர்க்கும் இராட்டிரகூடர்க்கும் பெரும் போர் நிகழ்ந்தது. பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மீது இருந்தபடியே கொல்லப்பட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கும். அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனின் வெற்றியைச் சொல்லும் கல் ஒன்று கருநாடகத்தில் ஆதகூரில் கிடைத்தது. அந்தக் கல் உண்மையில் யாருக்கு நட்டது தெரியுமா? காளி என்ற வேட்டை நாய்க்கு! காட்டுப்பன்றியோடு போராடி, அதைக் கொன்று தானும் இறந்த நாய் அது. ஒரே கல்லில் சோழ இளவரசனின் சாவும் நாயின் சாவும் இடம்பெற்றுள்ளன. தக்கோலத்தில் மடிந்த ஆயிரக்கணக்கான காலாட்கள் அதில் இல்லை.

அந்தப் போரில் சாகாமல் போன ஒருவர் திருவொற்றியூருக்கு வந்தார். வல்லபன் என்பது அவர் பெயர், சேர நாட்டவர், கற்றவர், இராசாதித்தனின் நெருங்கிய துணைவர். தலைவன் வீழ்ந்த நேரத்தில் அவர் அருகில் இல்லை. அவனோடு மடியும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. உலக வாழ்வைத் துறந்தார், கங்கையில் நீராடினார், திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு ஏற்றார். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அங்குள்ள மடத்தின் தலைவரானார். இவையெல்லாம் திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டில் உள்ளன. அக்கல்வெட்டின் ஆண்டுக் குறிப்பு யாருடைய ஆட்சியைச் சொல்கிறது? கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவனுடைய ஆட்சியை. அதாவது, அவருடைய தலைவனைக் கொன்ற படையின் அரசனை! தோற்ற நாட்டில் வாழ்வது என்றால் இதுதான் போலும்.

அந்த மடத்தை இராசாதித்தனின் நினைவுக் கூடம் என்று நான் சொல்ல வரவில்லை. மடம் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் அதன்பின் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். சதுரானன பண்டிதர் என்ற பெயரை அவருக்குப் பின்வந்த மடத்தலைவர்களும் தாங்கினர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் கோயில் விமானம் கருங்கல்லால் எழுந்தபோதும் அப்பெயர் வருகிறது. இரண்டாம் இராசாதிராசன் பங்குனி விழாவின்போது அக்கோயில் மண்டபத்தில் அமர்ந்து சுந்தரர் வரலாறு கேட்டபோது உடனிருந்தவரும் ஒரு சதுரானன பண்டிதரே. அக்கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. ஒரு போர்வீரரின் ஆறாத துயரம் வந்து சேர்ந்த இடம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கூடும் இடமாகவும் கற்கும் இடமாகவும் இருந்தது. வல்லபனின் கதை இன்று நமக்குத் தெரிவதும் அந்தக் கல்வெட்டு அங்கே இருப்பதால்தான். (அவனுடைய படைவீரர்கள் போருக்குக் காத்திருந்த காலத்தில் வெட்டியதே வீராணம் ஏரி என்பர். 2004 முதல் அந்த ஏரியின் தண்ணீர் சென்னைக்கு வருகிறது. நினைவுச் சின்னம் குழாய் வழியாகவும் வரலாம்.)

இரண்டாம் உலகப் போர் வடசென்னைக்கு வந்த வழி வேறு. குண்டால் அதிகம் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சில குண்டுகளை எறிந்துவிட்டுப் போனதோடு சரி. வந்தது பர்மா வழியாக. போருக்கு முன் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. கப்பல் கிடைத்தவர் கப்பலில் வந்தனர். கிடைக்காதவர் நடந்தனர். அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் இலட்சக்கணக்கானோர் நடந்தனர். காலராவும் மலேரியாவும் பசியும் வழியில் காத்திருந்தன. பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையர்க்கு ஒரு பாதை, இந்தியர்க்கு ஒரு பாதை என்று அங்கும் பாகுபாடு காட்டியதை அன்றைய காங்கிரஸ் தலைவர்கள் கண்டித்தனர். இறந்தவர்கள் பத்தாயிரக்கணக்கில்.

என் பாட்டியின் தகப்பனார் அவர்களில் ஒருவர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டைத் தொழில். மனைவியையும் கைக்குழந்தையையும் கப்பலேற்றி ராயபுரத்துக்கு அனுப்பிவிட்டு, பாக்கிக் கூலியை வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாராம். அந்தக் கைக்குழந்தைதான் என் பாட்டி. உடன் நடந்தவர் ஒருவர் வந்து, தமுவுக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று சொன்னதோடு சரி. நாள் தெரியாது. ஆகவே திதியும் இல்லை. மகாளய அமாவாசையன்று அவருக்கும் ஓர் இலை போடுவார் பாட்டி. "எங்கப்பாரு எந்தத் திதில போனாருன்னு யாருக்குத் தெரியும்? அமாவாசைக்கு வெச்ச சோத்த வந்து துன்னுட்டுப் போவட்டும்" என்பார்.

இவர்கள் போரில் இறந்தவர்களா, இல்லையா? சீருடை அணியவில்லை; சம்பளப் பட்டியலில் இல்லை. ஆனால் போர் இல்லையேல் இவர்கள் இறந்திருக்க மாட்டார்கள். சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த மலேயாத் தோட்டத் தமிழரும் இப்படிப்பட்டவர்களே. நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்க, எண்ணிக்கையில் மிகுந்த ஆசியத் தொழிலாளருக்கு அவ்விதம் எதுவும் இல்லை. 2023-இல்தான் அங்கே அத்தமிழர்களுக்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. தமிழக அரசும் அதற்கு நிதி வழங்கியது. எண்பது ஆண்டு தாமதமானாலும் நடுகல் என்ற பெயரையே அதற்குச் சூட்டியது பொருத்தம்.

நம் பகுதியிலோ பர்மாவின் சுவடுகளுக்குக் குறைவில்லை. 1964-க்குப் பின் கப்பல் கப்பலாக வந்தவர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜார் துறைமுகத்தின் எதிரே இருக்கிறது. அத்தோ கடையில் நாம் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறோம். 1942-இல் நடந்து வந்தவர்களுக்கு, அல்லது வந்து சேராதவர்களுக்கு, ஒரு பலகை கூட என் கண்ணில் படவில்லை.

புதிய மண்டபம் எதுவும் நான் கேட்கவில்லை. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருக்கின்றன. நிச்சயதார்த்தம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண் சிகிச்சை முகாம், தேர்தல் வேலை எல்லாம் அங்கேதான். வீட்டில் இடமில்லாத எங்களைப் போன்றோர்க்கு அது இரண்டாவது வீடு. புயலில் தண்ணீர் ஏறினால் பாயும் பாத்திரமுமாக நாங்கள் ஒதுங்குவதும் இத்தகைய கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும்தான். இப்படிப்பட்ட ஒரு கூடத்தின் வாசல் சுவரில், பந்தி நடக்கும் அறைக்குப் போகும் வழியில், பெயர்களை எழுதலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. பெயிண்டில் எழுதக் கூடாது. வெள்ளையடிக்க வருபவர் அடுத்த பொங்கலுக்கே அழித்துவிடுவார். கல்லில் வெட்ட வேண்டும். நம் முன்னோர் கண்ட அந்த ஒரு நுட்பத்தை விட்டுவிடக் கூடாது.

பெயர்களுக்கு எங்கே போவது? சீருடை அணிந்து இறந்தவர்களுக்கு வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் யாரும் பார்க்கக் கூடியது. இந்திய வீரர்கள் பலருக்குப் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர் வரை அதில் இருக்கும். பொதுமக்களுக்கும் அந்த ஆணையம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; ஆனால் எதிரியின் தாக்குதலால் இறந்தவர்களுக்கே அதில் இடம். காலராவில் போனவனுக்கும் நடக்க முடியாமல் மரத்தடியில் படுத்தவனுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் பெயர்கள் வீடுகளில்தான் இருக்கின்றன, அதுவும் எண்பது தாண்டிய பாட்டிகளின் வாயில்.

ஆகவே கோடை விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதத் தொடங்கினேன். எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் கேட்டதில் இதுவரை 7 பேர். ஐந்து பேருக்குப் பெயரும் தொழிலும் கிடைத்தன. மற்ற இருவருக்குப் பெயர் சொல்வாரில்லை. ஒருவர் 'மாமா', இன்னொருவர் 'பெரியவருடைய தம்பி'. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்து நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் என்னிடம் சொன்னால் எழுதிக்கொள்வேன்.